தாய்மாமனை நான் மன்னிக்கலாம், நொய்யல் சார்பில் யார் மன்னிப்பது?

நொய்யல்கரை:

ரொம்ப நாளாக எழுதி எழுதி அழித்த விஷயம் இது. இன்று முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் தோட்டம் நொய்யலை ஒட்டி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. நாலரை ஏக்கர், ஒரு கிணறு. தாத்தா மஞ்சளும் நெல்லும் போட்டார், அப்பா தென்னை வைத்தார். 1992இல் அணை கட்டி முடித்தபோது இனி நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை என்று ஊரே பேசியதாக அம்மா சொல்வார். ஈரோடு, கரூர் பக்கம் சுமார் இருபதாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்று கட்டிய அணை. ஆனால் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் ஆறு திருப்பூரைத் தாண்டும்போது சாயப்பட்டறைத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வந்தது, அது அணையில் வந்து நின்றது, நின்றது நிலத்துக்குள் இறங்கியது, அப்புறம் எங்கள் கிணறுகளில் ஊறியது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், மதகைத் திறக்காதீர்கள் என்று கேட்ட அணை அது.

என் தாய்மாமன் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர். பெரிய ஆள் இல்லை, மூன்று வின்ச் (துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரம்) ஓடும் சின்னப் பட்டறை. என்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியது அவர். என் கல்லூரிக் கட்டணத்தை இரண்டு வருஷம் கட்டியதும் அவர். அந்தப் பணம் எதிலிருந்து வருகிறது என்று யோசிக்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. அப்பாவுக்கு இருந்தது, இருந்தும் வாங்கினார், ஏனென்றால் தென்னையில் குரும்பை எல்லாம் கொட்டி ஒரு காய் கூட நிற்காத வருஷங்கள் அவை.

ஒரு கல்யாண வீட்டில் அப்பா கேட்டுவிட்டார். மாமா கத்தவில்லை, "நான் ஒருத்தன் நிறுத்தினால் ஆறு சுத்தமாகிடுமா மச்சான்?" என்று மட்டும் சொன்னார். அப்பா பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான், சாகும்வரை மாமாவோடு பேசவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ ராத்திரி திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது பொய் இல்லை. அவர் ஒருத்தர் நிறுத்தியிருந்தால் ஆறு சுத்தமாகியிருக்காது. ஆனால் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைக்காரர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். மாமா கோடித் துணியோடு வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. யாரோ பங்காளி வீட்டுப் பையன் அவர் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான், அவர் அப்படியே திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டது. நண்பர் ஒருவர் டவுனில் தியானம் சொல்லித்தரும் இடத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணை மூடி மூச்சைக் கவனி, காயப்படுத்தியவர் முகத்தை நினை, உன்னை மன்னிக்கிறேன் என்று மனசுக்குள் சொல், அவசரப்படாதே என்றார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாமா முகத்தை நினைத்தால் எனக்கு மொட்டையாக நின்ற தென்னைகள்தான் வந்தன. அறைக்குள் உட்கார்ந்து செய்ய முடியவில்லை. அதனால் கிணற்றடியில் செய்ய ஆரம்பித்தேன். தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் சேந்தி, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டு எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பக்கத்தில் இன்னொரு கட்டம், மாமா ஞாபகம் வந்தபோது நெஞ்சில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை. எரிச்சல். எரிச்சல். ஒன்றுமில்லை. அழுகை. எரிச்சல். இப்படி இரண்டரை வருஷம். ஐப்பசி மழைக்கு அப்புறம் எண் இறங்கும், சித்திரையில் கிணறு வற்ற வற்ற மறுபடி ஏறும். பக்கத்துக் கட்டமும் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு 74 ஆகிறது, முழங்கால் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "தோட்டத்தைச் சரிபண்ண என்ன ஆகுமோ அதை நான் தருகிறேன், செத்துப்போகும் முன்னால் செய்துவிட வேண்டும்." வாங்கலாமா? வாங்கினால் அது மன்னிப்பா, விலையா? அப்புறம் இன்னொன்று. எனக்குச் செய்ததை நான் மன்னிக்கலாம், அது என் உரிமை. ஆற்றுக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்?

மண்புழு:

மன்னிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வந்தவுடனே எல்லோரும் செய்கிற தப்பை நீங்கள் செய்யக்கூடாது. முதலில் மண் பரிசோதனை. உவரா களரா என்று தெரியாமல் ஒரு மூட்டை ஜிப்சம் கூட வாங்காதீர்கள். களர் என்றால் மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு பி.ஹெச்., அதாவது கார அமில அளவு, எட்டரைக்கு மேலே போயிருக்கும், மண் மழைக்குச் சேறாகி வெயிலுக்குப் பாறையாகும், அதற்குத்தான் ஜிப்சம், அதில் இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். உவர் என்றால் வெறும் உப்பு, அதற்கு ஜிப்சம் போட்டுப் பயன் இல்லை, நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்துக் கீழே இறக்கி வடிகாலில் வெளியே விட வேண்டும். வடிகால் இல்லாமல் தண்ணீர் தேக்கினால் வெயிலில் உப்பு மறுபடி மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும், பழையபடிதான்.

ஒரே இடத்தில் மண் எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' மாதிரி குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எருக்குழிப் பக்கம், மர நிழல், வரப்போரம் வேண்டாம்.

எதுவாக இருந்தாலும் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். உப்பு மண்ணிலும் வரும், மண்ணைத் தளர்த்தும். மூன்று நாலு வருஷம் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது, ஒரு செக்கில் முடியாது.

கரூர்க்காரி:

நொய்யல் காவிரியில் கலக்கிற இடத்துக்குப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். உங்கள் வலி புரிகிறது. ஆனால் இந்த மன்னிப்புப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மன்னி மன்னி என்று எப்போதும் பாதிக்கப்பட்டவனிடம்தான் சொல்கிறார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எங்கள் மாமனார் வாய்க்கு வாய் சொல்வார். எங்கள் ஊரில் பொறுத்தவர்கள் பூமியை விற்றார்கள். மாடு அந்தத் தண்ணீரைக் குடித்துச் சினை பிடிக்காமல் போக ஒவ்வொன்றாக விற்றோம், அப்புறம் குடிதண்ணீருக்குச் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போனோம். பொறுக்காதவர்களால்தான் ஏதாவது நடந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது கோபத்தில்தானே? 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது, கேட்டார்களா? கடைசியில் 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தப் பட்டறையையும் மூடச் சொன்ன பிறகுதான் ஆற்றில் நிறம் குறைந்தது. எல்லோரும் கிணற்றடியில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

உங்கள் மாமா பணம் தருகிறார் என்றால் வாங்குங்கள். அது கடன். கடனை வாங்குவதற்கு மன்னிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பழையபட்டறை:

இந்த இழையில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் பதினோரு வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன், ஹெல்பராகச் சேர்ந்து கடைசியில் மாஸ்டருக்கு அடுத்த ஆளாக இருந்தேன்.

வெளியில் இருக்கிறவர்கள் சாயம் சாயம் என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிறது சாயம், நிலத்தைக் கொன்றது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு போட்டே ஆக வேண்டும், குளோபர் உப்போ சாதா உப்போ. கறுப்பு, நேவி, மெரூன் மாதிரி அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம். நூறு கிலோ துணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு லாட்டுக்கு 80 கிலோ உப்பு. அந்த உப்பு துணியில் தங்காது, சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் தெளிந்துவிடும், அதிகாரி வந்தால் பாட்டிலில் தெளிவாகக் காட்டலாம், உப்பு அப்படியே இருக்கும். அதை எடுக்க ஆர்.ஓ. என்கிற சவ்வு வடிகட்டி வேண்டும், ஆர்.ஓ. தள்ளுகிற கழிவை ஆவியாக்க எவாப்பரேட்டர் வேண்டும், அதெல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது 2011 மூடலுக்கு அப்புறம், அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகு.

ராத்திரி மழை பெய்தால் எங்களுக்கு போன் வரும். போய் வால்வைத் திறந்துவிடுவோம். ஆற்றில் வெள்ளம் போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது. நான் என் கையால் திறந்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. அப்போது எனக்கு 22 வயசு, வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் நிற்கிறது என்பதெல்லாம் உண்மை, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை.

நொய்யல்கரை, உங்கள் மாமாவுக்காவது மன்னிப்புக் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. எனக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. கரூர்க்காரி அக்கா, உங்கள் மாடு குடித்த தண்ணீரில் நான் திறந்துவிட்டதும் இருந்திருக்கும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூர் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளத்துக்குப் போகிறேன். அதுவும் ஒரு காலத்தில் எங்கள் தண்ணீரைக் குடித்த குளம்தான். 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்கும். கரையோரம் பிளாஸ்டிக் பொறுக்குவேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்த வாத்துகளைப் பார்ப்பேன். அது போதுமா என்று கேட்டால் போதாது.

கரூர்க்காரி:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தோட்டத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் நான்தான் திறந்தேன் என்று ஒருத்தர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். கோர்ட்டில் கூட எல்லோரும் "கழிவு வெளியேற்றப்பட்டது" என்றுதான் சொன்னார்கள், அதுவாகவே வெளியேறின மாதிரி. மன்னிக்கிறேன் என்று இப்போது எழுதினால் அது பொய். ஆனால் நீங்கள் எழுதியது நல்லது.

பாலாற்றங்கரை:

கரூர்க்காரி சொன்னதை நான் ஆமோதிக்கிறேன், ஆனால் பாதிதான்.

எங்களுடையது பாலாறு, வாணியம்பாடி பக்கம். உங்களுக்குச் சாயம், எங்களுக்குத் தோல். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் எங்கள் வழக்கில்தான் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று அழுத்திச் சொன்னது, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆறு? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது, ஈட்டுத்தொகை கொடு, சேதத்தைச் சரிசெய், மேற்பார்வைக்குக் குழு போடு என்று. நடுவில் 28 வருஷம். வழக்குப் போட்ட தலைமுறையில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அந்த 28 வருஷத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தோல் ஆலைக்காரரும் விவசாயியும் ஒரே தெரு, ஒரே மளிகைக்கடை. கோபம் முதல் பத்து வருஷம் எங்களை ஒன்றாக வைத்தது. அப்புறம் அது எங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது. யார் கையெழுத்து வாபஸ் வாங்கினான், யார் பையன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று. தண்ணீரை மறந்துவிட்டோம். ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்வார நாலு பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் "அவன் வந்தால் நான் வரமாட்டேன்" என்பார்கள். கால்வாய் தூர்ந்தே கிடந்தது. வழக்கை விடக்கூடாது, ஒரு ரூபாய் ஈட்டுத்தொகையைக் கூட விடக்கூடாது, அது வேறு. ஆனால் மண்வெட்டி பிடிக்கப் போகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்க்க முடிய வேண்டும். எனக்கு மன்னிப்பு என்றால் அவ்வளவுதான்.

செய்யாற்றுச்சமணன்:

நான் தமிழ்ச் சமணக் குடும்பம், வந்தவாசி, செய்யாறு பக்கம் எங்கள் ஆட்கள் நிறைய. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, ஆற்றுக்குச் செய்ததை மன்னிக்க நான் யார் என்பது, எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீரை இரட்டையாக மடித்த துணியில்தான் வடிகட்டுவார். நிறைய வீடுகளில் செய்வதுதான். ஆனால் வடிகட்டி முடித்ததும் துணியை உதற மாட்டார். துணியைத் திருப்பி அதன்மேல் வடிகட்டின தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சின்னச் செம்பில் பிடித்து, கயிறு கட்டி இறக்கி அதே கிணற்றில் மெதுவாக விடுவார். துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவற்றின் இடத்துக்கே திரும்ப வேண்டும். வேறு கிணற்றில் விடக்கூடாது, மேலிருந்து கொட்டவும் கூடாது. சின்ன வயசில் இதென்ன வேலை என்று நினைப்பேன்.

தொல்காப்பியம் புல்லும் மரமும் ஓரறிவு என்று தொடங்கும். சமணத்தில் அதற்கும் முன்னால் போய், மண்ணையே உடலாகக் கொண்ட உயிர், நீரையே உடலாகக் கொண்ட உயிர் என்று எண்ணுவார்கள். வருஷத்தில் மன்னிப்புக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. எல்லா உயிர்களையும் நான் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும் என்று சொல்வோம். அந்த எல்லா உயிரில் தண்ணீரும் மண்ணும் வரும். செய்த தீங்கை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பதும் அதோடு சேர்ந்ததுதான், வெறுமனே கேட்டுவிட்டுப் போவது இல்லை.

அதனால் எனக்குத் தோன்றுவது, ஆறு சார்பில் நீங்கள் மாமாவை மன்னிக்க வேண்டியதே இல்லை. ஆற்றிடம் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள், மாமா, பழையபட்டறை, நான் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். நான் போட்டிருக்கிற பனியனும் எங்கேயோ சாயம் போட்டதுதான்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத நினைத்து முடியவில்லை.

கரூர்க்காரி அக்கா, அப்பா அந்தச் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர். கோர்ட்டுக்கு வண்டி வைத்துப் போனபோதெல்லாம் போனார். அவர் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், அது இல்லாவிட்டால் இன்றைக்கு என் மீட்டரில் எண் இறங்கியிருக்காது. என் பிரச்சினை வேறு. அப்பாவின் கோபம் ஒரு வேலை செய்தது. என்னுடையது இரண்டரை வருஷமாக நோட்டில் எரிச்சல் என்று எழுதியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பழையபட்டறை, அந்தத் திறந்துவிட்ட ராத்திரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 22 வயசில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். மாமா கட்டிய பணத்தில் கல்லூரி விடுதியில் இருந்தேன். நீங்கள் வால்வைத் திறந்தீர்கள், அந்தப் பக்கம் வந்த காசில் நான் படித்தேன்.

அமைதியானவாசகி:

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பதிவில் அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், தென்னை, கிணறு, ஆறு எல்லாம் இருக்கின்றன. அம்மா சொல்வார், அம்மாவிடம் சொல்லி அனுப்பினார், அவ்வளவுதான் அம்மா. அந்தக் கோடித் துணியை மாமா உங்களுக்குக் கொண்டுவரவில்லை. புருஷனை இழந்த தங்கைக்குக் கொண்டுவந்தார். பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரே ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியது நீங்கள். அம்மாவிடம் எப்போதாவது கேட்டீர்களா?

நொய்யல்கரை:

(மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.)

அமைதியானவாசகி, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு அன்றைக்கே போனை அணைத்து வைத்துவிட்டேன். கேட்கவில்லை. ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து அம்மாவிடம் உட்கார்ந்தேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, தப்புப் பண்ணிவிட்டேன் அம்மா என்பது மாதிரி ஏதோ. அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்தத் துணியை எடுத்து வந்தார். பிரிக்கவே இல்லை, கடைப் பையோடு இருந்தது. "உங்கப்பா சண்டை உங்கப்பாவோடது, அது நியாயமான சண்டை. நான் ஒருநாளும் தப்புன்னு சொல்லலை. எங்கண்ணன் வாசல்ல நின்னது எனக்கு வேற" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் நோட்டில் மாமா கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன், அது அம்மாவுக்கு.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது இருபது வருஷத்துக்கு அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை. பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. மண்புழு சொன்ன மாதிரி குழி வெட்டி மண் எடுத்தோம், அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அந்த மண்ணைக் கலந்து நாலாகப் பிரித்துக் கொடுத்தார். கையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கிணற்றடியில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். நான் தடுக்கவில்லை. எரிச்சல், எரிச்சல், அழுகை, எரிச்சல் என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இது என் கணக்கா மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் மாமா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் வைத்தார்.

மண் முடிவு வந்துவிட்டது. உவர்தான், பி.ஹெச். எட்டரைக்குள்ளே இருக்கிறது. ஜிப்சம் தேவையில்லை, கரைத்து வடிக்க வேண்டும் என்றார்கள். வடிகால் கீழே இருக்கிற இரண்டு பேர் தோட்டத்தைத் தாண்டி ஆற்றுக்குப் போகும், அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கரூர்க்காரி:

அம்மாவிடம் பேசினீர்களே, அதுவே பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தோட்டத்து உப்பைக் கரைத்து வடிகாலில் விட்டால் அது எங்கே வரும்? கீழே இருக்கிற தோட்டத்துக்கு வரும், அப்புறம் ஆற்றுக்கு வரும், அப்புறம் எனக்கு வரும்.

நொய்யல்கரை:

அக்கா, இதை எனக்குச் சொன்னது நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆள் மாமா.

வடிகால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே, "உப்பு எங்கேயும் போகாது மாப்பிள்ளை, இடம்தான் மாறும். பட்டறை ஓட்டும்போதே எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னதை நான் இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்தேனோ என்னவோ, அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வடிகாலை ஆற்றில் விடப்போவதில்லை. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் இருபது சென்ட்டை விட்டுவிடுகிறோம். அங்கே குட்டை வெட்டி அடியில் கனமான பாலித்தீன் விரித்து, வடிகிற உப்புத்தண்ணீரை அதில் நிறுத்தி வெயிலில் காயவிடுவது. ஒரே தடவையில் முழுத் தோட்டத்தையும் கழுவ முடியாது, குட்டை தாங்குகிற அளவுக்கு ஒவ்வொரு பாத்தியாகத்தான் செய்ய வேண்டும், அதனால் வருஷம் அதிகமாகும். ஆகட்டும். காய்ந்த உப்பை என்ன செய்வது என்பதற்கு மண்புழுவும் பழையபட்டறையும் யோசனை சொன்னால் நல்லது. குட்டைக்கும் விரிப்புக்கும் மாமா பணத்தை வாங்கிக்கொள்கிறேன். கடன் என்று நீங்கள் சொன்ன வார்த்தையை அம்மாவிடம் சொன்னேன், அது சரிதான் என்றார்.

பழையபட்டறை:

உப்பை மழையில் நனைகிற இடத்தில் குவிக்காதீர்கள், மூட்டை கட்டித் தார்பாய் மூடிய மேடையில் வையுங்கள். பட்டறைகளில் எவாப்பரேட்டர் உப்பையே எங்கே வைப்பது என்று இன்னும் திணறுகிறார்கள், அதனால் எடை போட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் இனாமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். விரிப்பில் ஒட்டுப் போடும் வேலை எனக்குத் தெரியும், ஓரத்தில் கசிந்தால் அவ்வளவும் வீண். ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா?

நொய்யல்கரை:

வாருங்கள். ஜேசிபி சனிக்கிழமை வருகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் குட்டை முடிந்தாக வேண்டும். ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், மாமாவும் இருப்பார்.